விலை ஏற்றிய கூட்டம்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வங்கியில் மட்டும்தான் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். மற்ற எல்லோருக்கும் அவள் கூட்டக்கா. ஆள் சேர்த்துக் கொடுப்பது அவள் தொழில். கடைத் திறப்பில் காலி நாற்காலி தெரியக் கூடாதா, தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சொன்ன இடத்தில் சிரிக்க ஆள் வேண்டுமா, புத்தக வெளியீட்டுக்கு எழுதியவரின் சொந்தக்காரர்களைத் தவிர யாரும் வரவில்லையா, கூட்டக்காவுக்கு ஒரு போன் அடித்தால் போதும். ஓய்வு பெற்ற குமாஸ்தாக்கள், வாய்ப்புக்காகக் காத்திருக்கும் நடிகர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் எல்லோரும் அவள் பேச்சைக் கேட்டு வேனில் ஏறுவார்கள். அரை நாள் கூலி, ஒரு சாப்பாட்டுப் பொட்டலம்.

"இது ஏமாத்து வேலை இல்லையா?" என்று யாராவது கேட்டால் அவளிடம் பதில் தயாராக இருக்கும். "நான் ஆள்தாங்க தர்றேன். பொய் அவங்களோடது."

அவளும், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்று, இன்னும் டிரைவர் என்றே எல்லோரும் கூப்பிடும் அவள் கணவரும் ஏரிக்கு இந்தப் பக்கம், பழைய தெரு ஒன்றில் கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். இரண்டே அறை. சமையலறையில் ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே வர வேண்டும். ஆனால் காற்று வரும், தண்ணீர் நிற்காது. மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா அந்தக் கீழ்வீட்டை அவர்களுக்கே விற்பதாக வாய்வார்த்தையில் ஒப்புக்கொண்டிருந்தார். விலை பேசியாயிற்று. டிரைவரின் ஓய்வுப் பணமும் கூட்டக்காவின் சேமிப்பும் வங்கியில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. அடுத்த மாதம் பத்திரப் பதிவு. சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பதில் மட்டும் வீட்டில் சண்டை பாக்கி இருந்தது.

ஏரிக்கு அந்தப் பக்கம் வேறு உலகம். நாய்க்குத் தனி டாக்டர், மரத்துக்குத் தனி வைத்தியர். அங்கே ஒரு கட்டுமான நிறுவனம் ஆடம்பர வீடுகள் கட்டி, விற்பனைத் தொடக்க நாளுக்குக் கூட்டக்காவிடம் நாற்பது பேர் கேட்டது. பார்த்தால் பணக்காரர்கள் மாதிரி இருக்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

வேன் புறப்படும் முன் அவள் வழக்கம்போல வகுப்பு எடுத்தாள்.

"விலை எவ்வளவுன்னு யாரும் கேக்கக் கூடாது. கேட்டா மாட்டிக்குவீங்க. ரெண்டாவது காரை எங்க நிறுத்தறதுன்னு கேளுங்க. சமையலறைக்குப் போனா அலமாரியைத் திறந்து பாத்துட்டு லேசா மூஞ்சியைச் சுளிங்க."

"எங்க வீட்ல அலமாரியே கிடையாதேக்கா. எப்படிச் சுளிக்கிறது?" என்றாள் ஒரு பெண்.

"உன் மாமியாரை நெனச்சுக்கோ."

வேனே சிரித்தது. ஒருவர் காய்ச்சலில் வராததால் தன் கணவரையே இழுத்து வந்திருந்தாள். அவருக்குக் கப்பல் கேப்டன் வேடம்.

"கப்பலை நான் கிட்டப்போய்ப் பாத்ததுகூட இல்லையே," என்றார் அவர்.

"அங்க யாரு பாத்திருக்கா? கம்முனு இருங்க. கேப்டனுங்க அதிகம் பேச மாட்டாங்க."

விற்பனைக் கூடத்தின் தரையில் முகம் தெரிந்தது. நடுவே மேசையில் மொத்தக் குடியிருப்பும் பொம்மை வீடுகளாக நின்றது. சுவர் முழுக்க ஒரு திரை. ஒவ்வொரு வீடும் அதில் ஒரு பச்சைக் கட்டம். ஒன்று விற்றால் மணி அடிக்கும், கட்டம் சிவப்பாகும், மிச்சமுள்ள வீடுகளின் விலை அந்த நிமிடமே ஏறும். நீலக் கோட்டு போட்ட விற்பனை மேலாளர் ஒவ்வொரு மணிக்கும் கைதட்டினார். காலையில் இரண்டு கோடியில் தொடங்கிய விலை மதியத்துக்குள் இரண்டேகாலைத் தாண்டியது.

முதல் சில மணிகள் வெறும் காட்சிக்குத்தான் என்பது கூட்டக்காவுக்குத் தெரியும். ஆனால் கூடத்தில் அவளுடைய நாற்பது பேரைப் போல ஐந்து மடங்கு ஆட்கள் இருந்தார்கள். நல்ல செருப்பு, நல்ல வாசனை. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு அடிக்குரலில் பேசினார்கள். எத்தனையோ கூட்டம் பார்த்தவளே மலைத்துப் போனாள். 'இவ்வளவு காசு இத்தனை நாளா எங்க ஒளிஞ்சிருந்துச்சு?'

மதியம் பின்கட்டில் பொட்டலம் கொடுத்தார்கள். தன் ஆட்களை வரிசையில் நிறுத்தப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். வரிசை படிக்கட்டு ஏறி மேலே போயிருந்தது. நல்ல செருப்புகள் எல்லாம் அதில்தான் நின்றன. வரிசையின் நடுவில் மைக்காரர் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அரசியல் கூட்டங்களுக்கு மைக் செட்டோடு ஆளும் ஏற்றுபவர், அவளுக்குத் தொழில்முறைப் போட்டியாளர்.

"என்ன கூட்டக்கா, நீங்களும் இங்கதானா? சொல்லியிருந்தா ஒரே பஸ்ல வந்திருக்கலாமே!"

"இதுல உங்க ஆளுங்க எத்தனை பேருண்ணே?"

"கீழ நிக்கறது பூரா நம்ம ஆளுங்க. படியில நிக்கறது நடிப்புப் பள்ளிக்காரரோட ஆளுங்க. நல்லா பண்றாங்கல்ல?"

"அப்ப நெஜமா வாங்க வந்தவங்க?"

"அவங்க மூணு மணிக்கு மேலதான் வருவாங்க. அவங்களுக்குக் காட்டத்தானே நம்மளை நெரப்பி வெச்சிருக்கு."

காலையிலிருந்து ஒருவர்கூட நிஜமில்லை. அவள் ஆட்களைப் பார்த்து அவர் ஆட்கள் அசந்தார்கள். அவர் ஆட்களைப் பார்த்து இவள் அசந்தாள். அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

அப்போது உள்ளே மணி அடித்தது.

எல்லோரும் இங்கே பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். காலிக் கூடத்தில் யாருக்குக் காட்ட மணி அடிக்கிறார்கள்? பொட்டல வரிசையைக் கண்ணால் ஒரு முறை துழாவினாள். டிரைவரைக் காணோம். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

நீலக் கோட்டு அவள் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். டிரைவரின் இன்னொரு கையில் வங்கி அட்டையும் ரசீதும். திரையில் பதினேழாம் எண் வீடு புதுச் சிவப்பில் இருந்தது.

"என்னங்க பண்ணீங்க?"

"பதறாதே. முன்பணம்தான் கட்டியிருக்கேன்," என்று அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். கண்ணில் ஒரு பளபளப்பு. "காலையில இருந்து கணக்குப் போட்டுட்டு நிக்கறேன். நம்ம கண்ணு முன்னாடியே கால் கோடி ஏறிடுச்சு. அடுத்த வாரம் யாருக்காவது கை மாத்தி விட்டா நம்ம வீட்டை வாங்கின பிறகும் காசு மிஞ்சும்."

"நம்ம வீட்டுக்கு வெச்சிருந்த பணமா?"

"பின்ன என்ன, என்கிட்ட கப்பலா இருக்கு?"

"ஏங்க, நீங்களே நான் கூட்டிட்டு வந்த ஆளு! உங்களுக்குக்கூடவா தெரியாது?"

"நம்ம நாப்பது பேரு சும்மான்னு தெரியாதா எனக்கு? மத்தவங்களைத்தான் பாத்தேன். ஒருத்தர் என்கிட்ட வந்து, நான் ரெண்டு வீடு புக் பண்ணிட்டேன், நீங்க ஏன் கேப்டன் யோசிக்கறீங்கன்னு கேட்டாரு."

"அந்த ரெண்டு வீட்டுக்காரர் பின்னாடி பொட்டலத்துக்கு நிக்கறாரு. போய்ப் பாருங்க!"

அவர் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. ரசீதை அவளிடம் நீட்டிவிட்டு, வாங்குபவர்களுக்காகப் போட்டிருந்த வெள்ளைச் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார்.

நீலக் கோட்டு முதலில் மசியவில்லை. "முன்பணம் திரும்ப வராதும்மா. படிச்சுப் பாத்துத்தான் சார் கையெழுத்துப் போட்டாரு."

"சரி சார். என் ஆளுங்க சாப்பிட்டு முடிச்சதும் வேன்ல ஏத்திடறேன். மைக்காரர் எனக்கு அண்ணன் மாதிரி. நான் சொன்னா அவரும் பஸ்ஸை எடுத்துடுவாரு."

"மிரட்டறீங்களா?"

"நான் எதுக்கு சார் மிரட்டறேன்? மூணு மணிக்கு உங்க கூடம் எப்படி இருக்கும்னு சொல்றேன்."

அவர் காலிக் கூடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு கணினியில் தட்டினார். பணம் வங்கிக் கணக்குக்குத் திரும்பியது.

ஆனால் அந்த இழுபறி முடிவதற்குள் முதல் கார்கள் வந்துவிட்டன. உள்ளே நுழைந்த ஒரு தம்பதி, திரையில் பதினேழாம் எண் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறுவதைப் பார்த்தார்கள். "யாரோ விட்டுட்டாங்க! ஓடு, ஓடு!" என்று மனைவி கணவனை முதுகில் தள்ளினாள். பின்னால் வந்த ஒரு பெரியவர் தன் கைத்தடியைக் குறுக்கே நீட்டி, "நாங்கதான் முதல்ல," என்றார். குரல்கள் உயர்ந்தன. போட்டி போட்டு விலை சொன்னார்கள். கூட்டக்காவின் ஆட்கள் வாயில் சோற்றோடு கதவருகே நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதற்கு மேல் அவர்கள் நடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. மாலைக்குள் எல்லாக் கட்டமும் நிஜமாகவே சிவந்தது. பதினேழாம் எண் போன விலையைக் கேட்டுக்கொண்டு வேனில் ஏறிய டிரைவர், "பாத்தியா?" என்ற ஒரே வார்த்தைக்குப் பிறகு அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அந்த வாரமே வீட்டுக்காரம்மா கீழே இறங்கி வந்தார். எப்போதும் கேட்காத கேள்வியைக் கேட்டார்: "உள்ள வரலாமா?"

கூட்டக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வாங்கக்கா."

"தப்பா எடுத்துக்காதே தங்கச்சி. நாம பேசின விலைக்கு எனக்குக் கட்டாது. ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரே நாள்ல அத்தனை வீடும் போயிடுச்சாம். என் மருமகன் சாயங்காலம் போய் நிக்க இடமில்லாம திரும்பி வந்தாரு. கப்பல் கேப்டன் ஒருத்தர்கூட வாங்கிட்டு விட்டுட்டாராம், அதுக்கு அடிதடியாம்."

குடித்துக்கொண்டிருந்த டீ டிரைவருக்குப் புரையேறியது.

"அக்கா, அந்தக் கூட்டம் நான் கூலிக்குக் கூட்டிட்டுப் போனது. கேப்டன் வேற யாரும் இல்ல, இதோ உக்காந்திருக்காரே, இவருதான்."

வீட்டுக்காரம்மா டிரைவரை மேலும் கீழும் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "சரி, இருக்கட்டும். கடைசியில வித்துச்சா, இல்லையா?"

"வித்துச்சு."

"அப்புறம் என்ன?" என்று புது விலையைச் சொன்னார். அவர்களிடம் இருந்ததைவிட ஒன்றரை மடங்கு. "உங்களால முடியலைன்னா சொல்லு. ஞாயித்துக்கிழமை ஒருத்தர் பாக்க வர்றாங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் ஓர் இளம் தம்பதி. இரண்டு அறையையும் நாலு எட்டில் பார்த்து முடித்தார்கள். சமையலறையில் அவர்கள் நிற்பதற்காகக் கூட்டக்கா சுவரோடு ஒட்டி நின்றாள். எந்தச் சுவரை இடிப்பது என்று அவள் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டார்கள். பிறகு அந்தக் கணவன் குரலைத் தாழ்த்தி அவளிடம் கேட்டான்.

"இதுவரைக்கும் எத்தனை பேர் வந்து பாத்தாங்கக்கா?"

வாசலில் வீட்டுக்காரம்மா நின்றுகொண்டிருந்தார். நிறையப் பேர் என்று சொல்லு என்று அவர் கண் கெஞ்சியது. கூட்டக்காவுக்கு இந்தக் கேள்வியின் எடை தெரியும். நிறையப் பேர் என்றால் விலை ஏறும். ஒருவரும் இல்லை என்றால் வந்தவர் தயங்குவார், யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விடுவார். வீடு இன்னும் கொஞ்ச நாள் தன்னிடம் இருக்கும்.

"யாருமே வரல தம்பி," என்றாள். "நீங்கதான் முதல்ல."

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"யாருக்கும் இன்னும் தெரியல போல. கூட்டம் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம். அம்மா, முன்பணம் இப்பவே கட்டிடவா?"

கூட்டக்காவால் சுவரை விட்டு நகர முடியவில்லை. வீட்டுக்காரம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, பாத்திரங்களை ஒதுக்கிவிட்டுச் சமையல் மேடையில் ஒரு தாளை விரித்தார்.

"தங்கச்சி, வீட்ல பேனா இருக்கா?"

அவள் அசையவில்லை. டிரைவர்தான் எழுந்து போய் எடுத்து வந்து கொடுத்தார்.