ஊருக்குப் போன படம்

எண்பதுகளின் நடுவில் சுவிஸில், பேர்ண் நகரில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். அங்கே நல்ல ஆய்வாளர்களைத் தேர்ந்து கௌரவிக்கும் சங்கமொன்றின் கிளை இருந்தது. ஒரு வருடம் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் கிடந்தவனுக்கு இது கொஞ்சம் அதிகப்படியான மரியாதைதான். ஆனாலும் இரவல் கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு படத்துக்கு நின்றேன். சந்தோஷமாகவே நின்றேன்.

சுவிஸ்காரருக்குப் பிறந்த இடத்தைவிடப் பூர்வீக ஊர்தான் பெரிது. பாஸ்போட்டிலும் அதைத்தான் எழுதுவார்கள். புதிய உறுப்பினரின் படத்தை அவரவர் பூர்வீக ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்புவது அந்தக் கிளையின் வழக்கமாம். இதைச் செயலாளர், ஒரு வயதான பேராசிரியை, அடுத்த வாரம் கோப்பி குடிக்கும்போதுதான் சொன்னார்.

"உங்களுடையதையும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டேன். அம்மா பார்த்தால் மகிழ்வார்."

கோப்பையைக் கீழே வைத்தேன். என்னைத் தேடி ஆமிக்காரர் வீட்டுக்கு வந்தபோது, இந்தியாவுக்குப் போன வள்ளம் கவிழ்ந்து நான் செத்துவிட்டதாக அப்பா சொல்லியிருந்தார். அவர்கள் நம்பவேண்டுமென்று கீரிமலைக் கடற்கரையில் எனக்கு அந்தியேட்டிக் கிரியையும் செய்து, ஊருக்கே சோறு போட்டார். அதன்பிறகுதான் தம்பியை வீட்டில் நிம்மதியாக இருக்க விட்டார்கள்.

"ஊரில் நான் செத்துப்போனவன்" என்றேன். பேராசிரியை சிரித்தார். பகிடி என்று நினைத்திருக்கவேண்டும்.

அன்றே கொழும்பிலிருந்த மாமாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். "வீட்டுக்குச் சொல்ல ஆள் அனுப்பிறன், நீ யோசியாதை" என்றார். ஆனால் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிற பாதை பூட்டியிருந்தது. யோசிப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியவில்லை. ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய்கள் கைதவறி உடைந்தன.

ஒருநாள் பத்திரிகையே வந்து சேர்ந்தது. பேராசிரியை என் படத்தைக் கத்தரித்து அறிவித்தல் பலகையில் குத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். கீழே இருந்த தமிழை நான் ஒருவன்தான் வாசித்தேன். பெயர், ஊர், தகப்பன் பெயர், எல்லாம் பிழையில்லாமல் இருந்தன. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக முடிந்த கதை. அந்த மனுசியில் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

மாமா அன்று பின்னேரம் ரெலிபோன் எடுத்தார்.

"ஆமி வீட்டை வந்தவங்களாம். அப்பாவிட்டை உன்னைப்பற்றி ஒண்டும் கேக்கேல்லையாம். படத்தைக் காட்டிப்போட்டு, மற்றவன் எங்கை எண்டு மட்டும் கேட்டவங்களாம்."

"தம்பி வீட்டிலையோ இருந்தவன்?"

"ஓம்" என்றார் மாமா.