உப்புத் தண்ணீரில் ஓடிய கரண்டு

எங்கள் குடியிருப்பின் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடும் நாட்களில், குழாயைத் திறந்ததும் எழும் அந்த நெடியில் நான் தேவிகுளத்துக்கு மேலே இருந்த, பின்னாளில் இடித்துவிட்ட தேயிலை எஸ்டேட்டின் லயத்துக்குள், தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குள், போய் அடைபட்டுவிடுகிறேன். எழுபதுகளின் ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு மூடிப்போயிருக்க, லயத்தில் வாந்திபேதி பரவியிருந்தது. ஈர விறகின் புகையும் தகரக் கூரையில் ஓயாத மழையும் தங்கை மல்லிகாவின் முனகலும் நிறைந்த ஒற்றை அறையில், தாகத்துக்கு அழுபவளுக்கு எந்தத் தண்ணீரைக் கொடுப்பது என்று தெரியாமல் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

ஃபேக்டரி இன்ஜினியர் ராகவன் சார் சித்தூர்க்காரர், கெமிஸ்ட்ரியும் படித்தவர். தன் பங்களாவை விட்டு லயத்துக்கே வந்து தங்கிய அவர், பழைய டார்ச் பேட்டரிகளை உடைத்துக் கரிக்குச்சிகளை எடுத்து, உப்பு கரைத்த பானையில் நிறுத்தி, ஃபேக்டரி டைனமோவிலிருந்து கம்பி இழுத்தார். தண்ணீர் குமிழ் குமிழாகப் பொங்கி, பிளீச்சிங் பவுடரின் அதே நெடி மூக்கைத் துளைத்தது.

"உப்புலருந்து மருந்தா சார்?" என்றாள் அம்மா.

"நோய்க்கு மருந்து இல்லீங்கம்மா. குடிதண்ணியில இருக்கற கிருமிய இது கொல்லும். ஒரு கொடத்துக்கு இதுல ஒரு மூடி ஊத்தி, கொஞ்ச நேரங்கழிச்சுக் குடுங்க."

வீடு வீடாக அவரே ஊற்றினார். அதற்கப்புறம் புதிதாக யாரும் நோயில் படுக்கவில்லை. மல்லிகா எழுந்து கஞ்சி கேட்டாள்.

ரோடு லேசாகத் திறந்ததும் அதிகாரிகளை மலையிலிருந்து கீழே கூட்டிக்கொண்டுபோக ஜீப் வந்தது.

"ஏறுங்க சார். மறுபடி சரிஞ்சா மாட்டிக்கிடுவீக," என்றார் டிரைவர்.

"இவங்களுக்கு ஜீப்பு வரட்டுங்க. அப்பறம் நானும் வாறேன்."

ஜீப் வளைவில் மறையும்வரை நாங்கள் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். ராகவன் சார் மட்டும் திரும்பிப் பார்க்காமல் பானையில் உப்பு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.