அப்பாவுக்குத் திறக்காத கதவு

விரல் மிஷினை எல்லாரும் வாசலுக்கு வெளியே மாட்டுவார்கள், திருடன் உள்ளே வராமலிருக்க. நாங்கள் உள்பக்கமும் மாட்டினோம், அப்பா வெளியே போகாமலிருக்க. மாட்ட வந்தவர் என்னிடம் ஒருமுறை, அம்மாவிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் சுவரில் ஓட்டை போட்டார்.

அப்பா கள்ளக்குறிச்சி டிப்போவில் டிரைவராக இருந்தவர். பாதி சர்வீஸ் வெள்ளிமலை வண்டியில் போயிற்று. ஓய்வு பெற்றுச் சில வருஷம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு ஞாபகம் தப்பியது. சாப்பிட்டதை மறந்தார், என் பெயரை மறந்தார், டூட்டியை மட்டும் மறக்கவில்லை. விடிந்ததும் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒருமுறை நைனார்பாளையத்தில் ஒரு மளிகைக்கடை பாய் அவரை உட்காரவைத்து டீ கொடுத்து, சட்டைப்பையில் நான் வைத்திருந்த நம்பருக்குப் போன் செய்தார். இன்னொரு முறை சேலம் ரோட்டில் லாரிக்காரன் பிரேக் அடித்து நிறுத்தியதால் பிழைத்தார். அதோடு அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று.

முதலில் சாதாரணப் பூட்டுதான் போட்டோம். பூட்டென்றால் சாவி யாரிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நேரே அம்மாவின் இடுப்பில் கை போடுவார். கட்டிய நாளிலிருந்து அவளை அதட்டிக்கூடப் பேசாத மனுஷன் ஒருநாள் பிடித்துத் தள்ளிவிட்டார். நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் காந்தப் பூட்டு போட்ட கதவு ஒன்று உண்டு. விரல் வைத்தால்தான் திறக்கும். மிஷினோடு யாரும் சண்டை போட முடியாதே என்று அதையே வீட்டுக்கும் போட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் போடத்தான் சொல்வேன்.

அம்மாவின் விரலையும் என் விரலையும் பதிந்து முடித்ததும் அப்பா வந்து கட்டை விரலை நீட்டிக்கொண்டு நின்றார். மாட்ட வந்தவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவர் சும்மா விரலை வைக்கச் சொல்லி, "உங்களுதும் ஏறிடுச்சிங்க ஐயா" என்றார். அப்பாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மறுநாளிலிருந்து தினமும் அதே கூத்து. காக்கிச் சட்டை, படிய வாரிய தலை. "போய்ட்டு வரேன்" என்று அடுப்படிப் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு மிஷினில் விரலை வைப்பார். சர்வீஸ் முழுக்க அதற்கு அம்மா "போய்ட்டு வாங்க" என்று வாசல்வரை வந்து சொல்லியிருக்கிறாள். இப்போது அவள் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் துலக்குவாள். எங்கள் விரலுக்கு "தேங்க் யூ" சொல்லும் அந்த மிஷின், அவர் விரலுக்கு "ட்ரை அகைன்" என்றது. அவரும் விரலை வேட்டியில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்ப்பார். கோபம் வராது.

"ஸ்டியரிங் புடிச்சி புடிச்சி ரேக தேஞ்சி பூட்ச்சிம்மா" என்று என்னிடம் சொல்வார். குறை தன் விரலில்தான் என்று நினைத்துக்கொண்டார்.

மாட்டியவர் ஒன்று சொல்லியிருந்தார். "கரண்ட் போனா பேட்டரி தாங்கும். அதுவும் தீந்துட்டா காந்தம் உட்டுடும், கதவு தொறந்துக்கும். தீ கீ புடிச்சா ஆளு வெளிய வரணுமில்ல." மாசாமாசம் லைன் வேலைக்காக நாள் முழுக்கக் கரண்ட் நிறுத்துவார்களே, அப்படி ஒரு நாளில் பேட்டரி தீர்ந்தது. அம்மா கண்ணயர்ந்திருந்தாள். எழுந்து பார்த்தால் கதவு ஆவென்று கிடந்தது.

தெருத்தெருவாகத் தேடினேன். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர்தான் சொன்னார், வெள்ளிமலை வண்டியில் இன்ஜின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகிறார் என்று. வண்டி திரும்பி வரும்வரை அங்கேயே நின்றேன். அந்த டிரைவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"திட்டாத பாப்பா. எங்க டிப்போ ஆளு. எறங்குன்னு சொல்ல மனசு வரல. ஒவ்வொரு வளைவுக்கும் எனக்கு முன்னாடி 'ஆரன் அடி'ன்னு சொல்லிக்கினே வந்தாரு."

அப்பாவின் கையில் ஒரு பை சீத்தாப்பழம். முகத்தில் பழைய களை.

"மிஷினு இன்னிக்கி என் வெரல எடுத்துக்கிச்சிம்மா."

"தேங்க் யூ சொல்லிச்சாப்பா?"

"இல்ல. ஆனா தொறந்துச்சி."

அந்த வாரமே பெரிய பேட்டரி மாட்டினேன். வேறென்ன செய்ய? ஒவ்வொரு தடவையும் தெரிந்த டிரைவர் கண்ணில் படுவாரா? அப்பா மறுபடியும் விரலை வைத்தார், துடைத்தார், வைத்தார். அதன் பிறகு கதவுப் பக்கம் போவது குறைந்தது. ஒருநாள் காக்கிச் சட்டையையே கேட்கவில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

"போறேன்னு கேக்கக் கூட மாட்டேன்றாருடி" என்று அம்மா அழுதாள்.

மழைக்காலத்தில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு விடிகாலையில் போய்விட்டார்.

சாவு வீட்டுக் கதவை மூட முடியுமா? ரிஷிவந்தியத்திலிருந்து அத்தைகளும், டிப்போவிலிருந்து ஆட்களும் வந்துகொண்டே இருந்தார்கள். யாரோ தண்ணீர்க் கேனை முட்டுக் கொடுத்துக் கதவைத் திறந்து வைத்தார்கள். கதவு திறந்து கிடக்கிறது என்று மிஷின் கீகீயென்று கத்த ஆரம்பித்தது. ஒப்பாரிக்கு நடுவே அது விடாமல் கத்தியது.

"இன்னாடி சத்தம் அது, நிறுத்தித் தொலைங்களேன்" என்றாள் பெரிய அத்தை.

அப்பா கண்ணில் படாமலிருக்க மாட்டிய காலண்டரை நகர்த்தி, அதன் பின்னாலிருந்த, பேட்டரியையும் சேர்த்து நிறுத்தும் சுவிட்சை அணைத்தேன். சத்தம் நின்றது. சாதாரண சுவிட்ச்தான், அப்பாவின் தோள் உயரத்தில். அதைத் தட்டினால் காந்தம் விட்டுக் கதவு திறந்துகொள்ளும், வேலையெல்லாம் அவ்வளவுதான். வீடு நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு அங்கேயே வாய்விட்டு அழுதேன். கதவு முழுசாகத் திறந்து கிடந்தது, அவர் கூடத்தில் காக்கிச் சட்டையோடு படுத்திருந்தார்.

சாயங்காலம் தூக்கினார்கள். அம்மா மூட்டுவலியோடு எழுந்து வாசல்வரை நடந்து வந்தாள். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிற எவரும் போய்விட்டு வருகிறேன் என்று சொல்வதில்லை, போகிறவரை வாருங்கள் என்று யாரும் சொல்வதுமில்லை. அவள் வாயெடுத்ததுமே பெரிய அத்தை பொத்த வந்தாள். அம்மா அந்தக் கையைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"போய்ட்டு வாங்க."