பொந்துக்குள் மாட்டிய கை

என் அண்ணி ஓர் அருங்காட்சியகத்தில் கடல் பூச்சிகளை இனம் பிரிக்கிறவர். கடலில் ஏது பூச்சி என்று யார் கேட்டாலும் அவர்கள் தொலைந்தார்கள். பவளப்பாறைப் பொந்துகளில் அரிசியளவுப் பூச்சிகள் கூட்டமாக வாழ்கின்றன; தண்ணீர் வற்றினால் வெளியே வந்து நீர்மேல் ஓடி இரை தேடும்; தண்ணீர் ஏறும் முன்னே பொந்துக்குத் திரும்பி, மேல்ரோமத்தில் ஒட்டிய காற்றைக் கொண்டு உயிரைப் பிடித்திருக்கும் என்று மூச்சுவிடாமல் சொல்வார். ஆனால் கடலில் இறங்க அவருக்குப் பயம். பூச்சி பிடித்து வருவது என் அண்ணன். பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள்.

அவன் கொண்டுவந்ததெல்லாம் பெண் பூச்சிகள். எந்த இனமானாலும் பெண் பூச்சிகள் எல்லாம் ஒரே அச்சு. ஆணின் முன்னங்கால் தொடையில் உள்ள முட்களைப் பார்த்தால்தான் இனம் தெரியும். "ஒரு ஆணாவது பிடிச்சிட்டு வாங்க" என்று நச்சரித்தது அண்ணிதான். ஒருநாள் அண்ணனுக்குத் துணைக்குப் போகிறவர் வராததால், வேறு வழியின்றி அவரே படகேறினார்.

பாறைமேல் முழங்காலளவுத் தண்ணீர். பூச்சிகள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின.

"ஏங்க, எல்லாம் உள்ள போகுது. தண்ணி ஏறப்போகுது, வாங்க."

"இரு, தொடை பருத்தது ஒண்ணு போகுது. ஆண்தான்!"

மண்டியிட்டுப் பொந்துக்குள் கையை விட்டான். போன கை திரும்பவில்லை.

"உள்ள விருந்துக்கு இருக்கச் சொல்றாங்க" என்று சிரித்தான். தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியபோது சிரிப்பு நின்றுவிட்டது. செத்த பவளம் உடைக்கும் சுத்தியலை அண்ணி இடுப்பிலிருந்து உருவினார்.

"உங்க கைமேல பட்டுடும்ங்க..."

"படட்டும். அடி!"

அடிக்கவும் பயம், அடிக்காமல் இருக்கவும் பயம். தண்ணீர் அவன் தாடையைத் தொட்டதும் அழுதுகொண்டே ஓங்கி ஓங்கி அடித்தார். பாறை பிளந்தது. கூடவே அவனுடைய இரண்டு விரல்களும் நொறுங்கின.

படகில் ஏறியதும் அவன் ஏதாவது கேலி பேசுவான் என்று அண்ணி காத்திருந்தார். அவனோ நல்ல கையால் அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"விடுங்க, நீங்கதானே படகை ஓட்டணும்."

"விட முடியலடி. உடம்பெல்லாம் நடுங்குது."

அவன் நடுங்கி அண்ணி பார்த்ததே இல்லை. கரை எங்கோ கோடாகத் தெரிந்தது. கையை அவனிடமே விட்டுவிட்டு, மற்றக் கையால் எஞ்சின் கயிற்றைப் பிடித்தார்.

"எப்படி இழுக்கணும்னு சொல்லுங்க" என்றார்.