வெள்ளவத்தைப் பூசணியும் என் சுட்டுவிரலும்

கொழும்பு வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் மொட்டைமாடியில், ஒரு பங்குனி மாத மாலை, காய்ந்த உடுப்புகளை எடுக்கப்போன இடத்தில் என் வலதுகைச் சுட்டுவிரல் என்னைக் கேளாமலே நீண்டது. அது நீண்ட திசையில், மீன்கடைக்காரர்கள் எறிகிற வெள்ளை றெஜிபோம் நுரைப்பெட்டி ஒன்றிலிருந்து படர்ந்த கொடியில், நெல்லிக்காய் அளவில் ஒரு பூசணிப் பிஞ்சு இருந்தது. "ஐயோ, என்ன வடிவு!" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, பின்னாலிருந்து ஒரு சத்தம். "பிள்ளை! விரலை மடக்கும்!" தெமட்டகொடை ரயில் யார்டில் முப்பது வருடம் எஞ்சின்களோடு போட்டி போட்ட குரல் அது. நான் விரலை மட்டுமல்ல, பயத்தில் முழங்காலையும் மடக்கினேன். ஆனாலும் பிந்திவிட்டது. மூன்றாம் நாள் பிஞ்சு மஞ்சளாகிக் கீழே விழுந்துவிட்டது.

குரலுக்குரியவர் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர். யார்ட் மாஸ்டர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று எத்தனையோ வருடமாகியும் தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் அழைத்தது. கீழே அவரும் மனைவியும், மேலே ஒற்றை அறையும் குசினியுமாக நான். திருகோணமலையிலிருந்து காப்புறுதிக் கம்பனி வேலைக்கு வந்தவள். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வெள்ளவத்தையில் வீடு தேடுவதென்றால், தரகர் முதல் கேள்வியாக "தனியவோ?" என்பார், இரண்டாம் கேள்வியாக "தனியவேதானோ?" என்பார். ஐந்து மாதம் அலைந்தபின் கிடைத்த அறை அது. ஒப்பந்தம் வைகாசி முடிவு வரைக்கும்தான். அதற்குப் பிறகு என்ன என்று கேட்டால் மாஸ்டர் "பாப்பம்" என்பார். அந்த "பாப்பம்" என் நித்திரையைக் கெடுத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் இந்தப் பூசணி விவகாரம் வந்து சேர்ந்தது.

விதைகள் கனடாவில் இருக்கும் அவருடைய மகள் அனுப்பியவை. உறையில் 'வசந்த காலத்தில் விதைக்கவும்' என்று போட்டிருந்தது. வேறு யாரும் என்றால் அன்றைக்கே விதைத்திருப்பார்கள். மாஸ்டரோ வாழ்நாள் முழுதும் நேர அட்டவணைக்குக் கீழ்ப்படிந்தவர். வெள்ளவத்தையில் வசந்த காலம் எப்போது தொடங்குகிறது என்று ஒரு கிழமை விசாரித்தார். கோயில் ஐயரைக் கேட்டார். சந்தை மரக்கறிக்காரரிடம் சிங்களத்தில் கேட்டார். அந்த மனிதன் மழை வருகிற மாதம், வராத மாதம் என்று இரண்டுதான் தனக்குத் தெரியும் என்றான். கடைசியில் தைப்பொங்கல் முதல் சித்திரை வருடப்பிறப்பு வரைக்கும் வசந்த காலம் என்று மாஸ்டரே பிரகடனம் செய்து, தைப்பூசத்தன்று வெண்டி, கத்தரி, பயிற்றை, பூசணி நான்கையும் ஊன்றினார்.

அதோடு மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு கரும்பலகை வந்தது. தலைப்பு: 'தோட்ட முன்னேற்றம்'. 'வெண்டி: சரியான நேரம். கத்தரி: மூன்று நாள் தாமதம். பயிற்றை: புறப்பட்டது.' ஞாயிறுதோறும் அதைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்புவார். கரையோர ரயில் ஒன்று பிந்திப்போனால் கடற்கரைப் பக்கம் முறைத்துப் பார்ப்பார். பிறகு அதே முறைப்போடு கத்தரியிடம் திரும்புவார். கத்தரிக்கு எனக்குத் தெரிந்து அவ்வளவு பயம் இருந்திருக்காது, ஆனால் நான் பயந்தேன். அந்தப் பலகையில்தான் பிஞ்சு விழுந்த அன்று இப்படி எழுதியிருந்தது: 'பூசணி: இரத்து. காரணம்: சுட்டுவிரல்.'

பிஞ்சைச் சுட்டுவிரலால் காட்டினால் அழுகி விழும், விரலை மடக்கி மொளியால்தான் காட்டவேண்டும் என்பது எங்கள் வீடுகளில் சின்ன வயதிலேயே சொல்லித்தருகிற விஷயம். எனக்கும் சொல்லித் தந்தார்கள்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சைக்கு விவசாயம் ஒரு பாடமாக எடுத்தவளுக்கு அதில் நம்பிக்கை இருக்கவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு பிஞ்சுகள் விழுந்தன. அவற்றை நான் கண்ணால்கூடக் காணவில்லை. "ஒருக்கா காட்டினா கொடி முழுக்கப் பிடிக்கும்," என்று தீர்ப்பாயிற்று. கொடி காய்க்கும்வரை நான் மொட்டைமாடிக்கு ஏறக்கூடாது. உடுப்பை அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட வேண்டும். பங்குனிப் புழுக்கத்தில் ஈரத் துணிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு, ஒரு காயால் வீடிழக்கப்போகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று நினைத்து எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

வருடப்பிறப்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை, மோதகம் தருவதற்காக அன்ரி என்னைக் கீழே கூப்பிட்டா. மாஸ்டரின் மனைவியை நான் அன்ரி என்றுதான் அழைப்பேன். மெதுவாகக் கதைக்கிற, மெதுவாக நடக்கிற மனுஷி. சாமியறை வாசலில் நின்று கும்பிடப் போன என் கை பாதியிலேயே நின்றுவிட்டது. பிள்ளையாருக்கு இரண்டு, முருகனுக்கு இரண்டு, லட்சுமிக்கு மூன்று என்று படங்களெல்லாம் மஞ்சள் மஞ்சளாகப் பூசணிப் பூ.

"அன்ரி, இது எங்க பிடுங்கினனீங்கள்?"

"மேலதான். பக்கத்து வீட்டுக்காரர் வாகனம் விடவெண்டு செவ்வரத்தையை வெட்டிப்போட்டினமெல்லோ, சாமிக்கு வைக்கப் பூ இல்லை. விடிய அவர் எழும்ப முன்னம் போய்ப் பிடுங்குவன்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்பிடாதை பிள்ளை, பிஞ்சு வைச்ச பூவில நான் கை வைக்கிறேல்லை. சும்மா பூக்கிற வெறும் பூவைத்தான்," என்றா.

பிஞ்சு வைத்த பூ பெண் பூ. வெறும் பூ ஆண் பூ. பரீட்சைக்கு நான் கலர் பென்சிலால் வரைந்து குறித்த படம் அப்படியே கண்ணுக்கு முன் வந்தது. ஒரு ஆண் பூவும் மிச்சமில்லாவிட்டால் மகரந்தம் எங்கிருந்து வரும்? அன்ரி எவ்வளவு கவனமாக, எவ்வளவு பக்தியாக, ஒரு நாளும் தவறாமல் அந்தக் கொடியை மலடாக்கிக்கொண்டிருந்திருக்கிறா. நான் விளங்கப்படுத்தினேன். அன்ரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கையிலிருந்த மோதகத்தட்டை மேசையில் வைத்துவிட்டு நெஞ்சில் கைவைத்தா. "அவருக்குச் சொல்லிப்போடாதை ராசாத்தி. மகளுக்கும் எழுதிப்போட்டார், விரலாலதான் எண்டு."

சொல்லியிருக்கலாம். என் வீட்டுப் பிரச்சினை அந்த நிமிடமே தீர்ந்திருக்கும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபின் எனக்கு வாய் வரவில்லை. பூவைக் கொண்டுபோய்ப் பூவில் தடவினால் காய்க்கும் என்று மட்டும் சொன்னேன். அன்ரிக்கு அதில் ஒரு சங்கடம். சாமிக்கு வைக்காத பூவை வேறொன்றுக்கு எடுக்க மனம் வரவில்லை. வேறொன்றுக்கு எடுத்த பூவைச் சாமிக்கு வைக்கவும் முடியாது. யோசித்து அவவே வழி கண்டா. விடிய ஐந்தரைக்குப் பிடுங்கி, பிள்ளையார் காலடியில் வைத்துக் கும்பிட்டு, ஆறு மணிக்கு அதையே பிரசாதமாக மேலே கொண்டுபோய்ப் பெண் பூவுக்குக் கொடுப்பது. முதல் நாள் அன்ரி கேட்டதற்காகத் தடையை மீறி நானும் பூனை மாதிரி ஏறினேன். எப்படித் தடவுவது என்று காட்டிக்கொடுத்தேன், மொளியால்தான். எதற்கு வம்பு?

பூசணி பிடித்துக்கொண்டது. நெல்லிக்காய் தோடம்பழமானது, தோடம்பழம் தேங்காயானது. கரும்பலகையில் 'பூசணி: சேவை மீண்டும் ஆரம்பம்' என்று வந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இரண்டு நாளைக்குத்தான். மூன்றாம் நாள் படியில் மாஸ்டர் என்னை நிறுத்தி, "பாத்தீரோ பிள்ளை? நீர் மேல ஏறாம விட்ட நாளிலயிருந்து அது வளருது," என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காய் ஒரு சுற்றுப் பெருக்கப் பெருக்க, என் குற்றமும் ஒரு சுற்று உறுதியாகிக்கொண்டிருந்தது. நானே பாடுபட்டு எனக்கெதிராக ஒரு சாட்சியை வளர்த்திருக்கிறேன்.

வைகாசிக் கடைசியில் ஒப்பந்தக் கடதாசியோடு கீழே போனேன். மாஸ்டர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். கெட்டவர் இல்லை. சொல்ல அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "உம்மில எனக்கு ஒரு குறையும் இல்லைப் பிள்ளை. ஆனா வீட்டுக்கு ஒத்துவாற கை, ஒத்துவராத கை எண்டு இருக்கு. வேற இடம் பாக்கிறது நல்லம்."

நான் அன்ரியைப் பார்க்கக்கூடாது என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணிக் கோப்பைகளை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. "இஞ்சாருங்கோ," என்றா அன்ரி. "அது பிள்ளையின்ர விரல் இல்லை. என்ர கை."

பிறகு நடந்தது முறையான ரயில்வே விசாரணை. எத்தனை பூ? நாளுக்கு ஆறேழு. எத்தனை மணிக்கு? ஐந்தரைக்கு. எந்த நாளிலிருந்து? பூத்த நாளிலிருந்து. பிழை யாருக்கு முதலில் தெரியும்? அன்ரி என்னைக் காட்டினா. "தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?" என்று மாஸ்டர் என்னிடம் கேட்டார். அன்ரிதான் பதில் சொன்னா: "நான் உங்களுக்குப் பயப்பிடுறன் எண்டு பாத்து, அவள் தன்ர வீட்டை விடப் பாத்தாள்."

மாஸ்டர் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளிவைத்தார். "எனக்கோ? நீர் எனக்குப் பயமோ?" என்றார். நாற்பது வருடம் கூட இருந்த மனுஷியைப் புதிதாகக் காண்கிறவரின் குரல் அது. பயந்த மாதிரியும் இருந்தது. பேனையை எடுத்து ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருடம் என்று எழுதினார்.

இப்போது நான் கொட்டாஞ்சேனையில், ஆறாம் மாடியில், சொந்தமாக வாங்கிய சின்ன வீட்டில் இருக்கிறேன். ஒரு வெண்டிகூட நடவில்லை. நான் இங்கே வந்தபின் மாஸ்டர் காலமாகிவிட்டார். அன்ரி கனடாவில். ஆனால் ஒப்பந்தம் எழுதியதற்கு மறுநாள் விடியற்காலையை நான் மறக்கவில்லை. மணி ஆறு. படியில் ஒரு சோடிக் காலடி அல்ல, இரண்டு. ஜன்னல் வழியாக மேலேயிருந்து குரல்கள் வந்தன.

"அதில்லையப்பா, அது பொம்பிளைப் பூ."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் அதைப் பிடுங்கினனீங்கள்?"

மாஸ்டர், யார்டில் ஒருநாளும் பாவித்திராத குரலில், "பிழைதான்," என்றார். நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக, எட்டு மணிவரை தூங்கினேன்.