எச்சரிக்கையை நிறுத்தியவர்

தி. நகரில் ஒரு வரி ஆலோசனை அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒன்பது வருடமாக அங்கே கணினி என்றால் நான்தான். போன வருடம் எனக்குத் துணையாக ஒரு பெண்ணைச் சேர்த்தார்கள். என் வயதுதான் இருக்கும். அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியிலிருந்து நகரத்துக்கு வெளியே செம்மஞ்சேரிக்கு மாற்றப்பட்ட குடும்பம். இரண்டு பஸ் மாறி வருவார்.

அப்போது எல்லாக் கணினியிலும் ஒரு தொல்லை. இணையத்துக்குப் போக நாங்கள் பயன்படுத்தும் ப்ராக்ஸி மென்பொருளைத் திறந்தால், இந்தக் கணினியின் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை என்று எச்சரிக்கை வரும். வேலை நடக்கும், ஆனால் திறக்க ஒரு நிமிடம் இழுக்கும். கேட்டவர்களிடமெல்லாம் அது சும்மா எச்சரிக்கைதான், மூடிவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்குக் காரணம் தெரியவில்லை.

அந்தப் பெண் ஒரே மதியத்தில் கண்டுபிடித்துவிட்டார். பொங்கலுக்கு முன் கணினிகளுக்கு நான்தான் புதுப் பெயர் வைத்திருந்தேன். எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று எழுதியிருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பழைய பெயரே கிடந்தது.

"பேர மாத்திட்டு இதுல மாத்தாம உட்டா அது இன்னா சார் பண்ணும்? தேடிக்கினே கீது" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு கணினியாகப் போய் அந்த ஒரு வரியைத் திருத்தினார்.

மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவரைப் பாராட்டினார். நானும் கை தட்டினேன். முதலில் நிறுத்தியதும் நான்தான். தினமும் எனக்கு முறுக்கு எடுத்து வைக்கும் கணக்குப் பிரிவு அக்கா அன்று அதை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் மேசைக்குப் போனார். அதைக்கூடப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து கணினிகளைத் திறந்து பார்த்தேன். தப்பு தேடித்தான். ஒன்றில் எச்சரிக்கை வந்தது. அவர் திருத்திய வரியில், பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. ஒரு நொடியில் நானே சேர்த்திருக்கலாம். சேர்க்காமல் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். திரையைப் பார்த்தவர், "ஆமா சார், நான்தான் தப்பா அடிச்சிட்டேன். நல்லவேள, சார் பாத்தாரு" என்றார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "பாத்த நீங்களே அத மாத்தியிருக்கலாமே?"

நான் திரை முன்னாலிருந்து விலகி நின்றேன். அந்தப் பெண் குனிந்து எழுத்தைச் சேர்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

இப்போதும் ஒரே அறையில்தான் இருக்கிறோம். எங்காவது கோளாறு என்றால் அவர் எழுவதற்குள் நான் போய் உட்கார்ந்துவிடுகிறேன். சில நாள் சரிசெய்துவிடுவேன். முடியாத நாளில் அவரைக் கூப்பிடுகிறேன். நாற்காலியை விட்டு எழத்தான் இன்னும் மனம் வருவதில்லை.