மேசை நடுவில நிண்ட வெள்ளி மயில்

வெள்ளி மினுக்கிற வேலையில கை கறுத்த ஆக்களே, எங்களுக்குத் துறைமுகத்து உப்புக்காத்து முதல் எதிரி, வீட்டுக்காரர் ரெண்டாவது.

முட்டை

நான் போற வீட்டு ஐயா கப்பல்களுக்குச் சாமான் குடுக்கிறவர். சாப்பாட்டு மேசை நடுவில தோகை விரிச்ச வெள்ளி மயில் ஒண்டு, கதிரையில இருக்கிற ஆளையே மறைக்கிற உயரம். தோகைக் கண் ஒவ்வொண்டையும் திருநீறு தொட்டுத் தேய்க்கவேணும். திருநீறெண்டவுடன திரியாயில இருக்கிற என்ர தங்கச்சியின்ர ஞாபகம். சாமிக்குரியதை வீணாக்கிறன் எண்டு என்னோட கனகாலம் கதைக்கேல்லை அவள். பிறகு தன்ர குத்துவிளக்கையும் மினுக்க என்னட்டத்தான் குடுத்துவிட்டவள். அது கிடக்கட்டும். முட்டை பட்டா வெள்ளி கறுக்கும். அதால வீட்டு அம்மா அந்த மேசையில முட்டையே வைக்கவிடமாட்டா. ஐயாவுக்கோ முட்டைப்பொரியல் எண்டா உயிர். குசினிக்குள்ள நிண்டபடி தின்னுக்கொண்டு என்னட்டச் சொல்லுவார்:

"பாக்கியமக்கா, இந்த மயில் முட்டை இடவும் மாட்டுதாம், தின்னவும் விடுதில்லை."

நெத்தி

அவையின்ர மகள் துளசியைப் பாக்கக் கொழும்பில இருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தினம். சாப்பாடு முடிய ரெண்டுபேரும் ஓமோ இல்லையோ எண்டு சொல்லவேணும். அம்மா அவையளை எதிரெதிராத்தான் இருத்தினவ, ஆனா நடுவில மயில். கொஞ்ச நேரத்தில துளசி தண்ணி எடுக்கிற சாட்டில குசினிக்கு என்னட்ட வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஆச்சி, அவற்ற நெத்தி மட்டும்தான் தெரியுது. நெத்தியைப் பாத்து என்னெண்டு ஓம் சொல்லுறது?"

நண்டுக்கால்

நான் போய் மயிலைத் தூக்கினன். சும்மா பாரமில்லை, என்ர முழங்கால் வேற முந்தின கிழமையில இருந்து மக்கர். "என்ன செய்யிறியள்?" எண்டா அம்மா. "கறுத்துப்போச்சம்மா" எண்டன். வந்த ஆக்களுக்கு முன்னால வெள்ளி கறுத்ததெண்டா அவவுக்கு உயிர் போனமாதிரி. "கெதியாக் கொண்டுபோங்கோ!" எண்டா.

திரும்பிப் பாத்தன். மாப்பிள்ளைத் தம்பியின்ர வாயில நண்டுக்கால், சட்டையில குழம்பு. துளசி சிரிச்சாள். தம்பி காலை எடுக்கவும் ஏலாமல் விடவும் ஏலாமல் தானும் சிரிச்சுது. பாயாசம் வரமுதலே ரெண்டுபேரும் ஓம். அம்மா சந்தோசத்தில, மயிலையும் சீதனத்தோட தாறன் எண்டா. தம்பி கையைத் துடைச்சுப்போட்டுச் சொல்லிச்சு:

"மாமி, எனக்குத் துளசி மட்டும் காணும். மயில் உங்களோடயே இருக்கட்டும்."

மகள் கொழும்புக்குப் போயிட்டாள், மயில் மிஞ்சிச்சு, அதை மினுக்க நானும் மிஞ்சினன்.